பலுப்பி சொன்ன பூஜ்யம்

இபு பலுப்பிக்கு எதிலும் சந்தேகமே வராது என்று நாங்கள் நம்பிய காலம் ஒன்று உண்டு. இபு என்றால் அம்மா; எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நகரத்துச் செவிலியர் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மாதத்துக்கு ஒருமுறை எங்கள் சுகாதார நிலையத்துக்கும் வந்து, காய்ச்சல் கணக்கு, பிரசவக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் டாக்டர்கூடப் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

நானும் அவரிடம் படித்தவள்தான். பரீட்சைக்கு முன்னால் நாங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றால், "ரத்தத்தப் பாத்துப் பயப்படாதவளுங்க, எண்ணப் பாத்துப் பயப்படறீங்களே, வெக்கமா இல்ல?" என்பார். அடுத்த நிமிஷம் தன் பையிலிருந்து பொரித்த தெம்பே என்ற சோயாக் கட்டியை எடுத்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுப்பார்.

ஜாவாவின் இந்த வடகரையில் அவரை அறியாதவர்கள் குறைவு. அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி ஓட்டியவர். அம்மா இறந்தபோது பலுப்பி கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தார். தங்கை மெனிக் பள்ளிக்கே போக ஆரம்பிக்கவில்லை. தலை வாரியது, பள்ளியில் சேர்த்தது, பிறகு கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் பலுப்பிதான். பலுப்பியின் கணவர் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில். குழந்தை இல்லை. அதனால் மெனிக்தான் பிள்ளை, மெனிக்குக்குப் பிறந்த லரஸ் பேத்தி மாதிரி.

மெனிக் அக்காவுக்கு நேர் எதிர். எதைப் பார்த்தாலும் சிரிப்பு. யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிவிடுவாள், தனக்காக இல்லை, ஊருக்காக. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிதமுல்யாவில் அவள் ஒரு பாலர் பள்ளி நடத்தினாள். பெஞ்சு ஒருவரிடம் கேட்டது, கூரை ஒருவரிடம் கேட்டது, ஊஞ்சல் ஒருவரிடம் கேட்டது.

சிதமுல்யாவிலிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே, ராண்டுசாரியின் எல்லையில், பாக் ஹாஜி, அதாவது ஹாஜி ஐயா, என்று எல்லோரும் கூப்பிடும் ஹாஜி தர்மூடியின் உலை இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயத்தை உருக்கி எடுக்கும் உலை. ராண்டுசாரி ஆண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. அந்தப் பகுதிப் பிள்ளைகள் வெளுத்துப்போய், வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பதை நாங்கள் நெடுநாளாகப் பார்த்துவந்தோம். கடைசியில் ரத்தத்தைச் சோதித்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். உலையடியிலிருந்து சிதமுல்யா வரை, ஆற்றோரமாக இருக்கும் எல்லாக் குடியிருப்புகளிலும் சேர்த்து அறுபது பிள்ளைகள். ரத்தம் எடுத்தது நான். ஒவ்வொரு வீட்டுக்கும் உலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வண்டியின் மீட்டரைப் பார்த்துக் குறித்ததும் நான்தான்.

மாகாணத் தலைநகரத்து ஆய்வகத்திலிருந்து முடிவுகள் வந்த அன்று டாக்டர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ரோ, இங்க வா. இதப் பாரு" என்றார். என் பெயர் ரோகிமா; அங்கே எல்லோருக்கும் நான் ரோ, என்னைவிடச் சின்னவர்களுக்கு ம்பாக் ரோ, ரோ அக்கா. குழந்தையின் ரத்தத்தில் காரீயம் ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் பதறுவோம். அந்தத் தாளில் இருபது இருந்தது, இருபத்தெட்டு இருந்தது, முப்பத்தொன்று இருந்தது. 

பிள்ளைகளின் பெயர் அதில் இல்லை, எண் மட்டும்தான். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது என் பீரோவில் பூட்டியிருந்தது. முழுக் கணக்கும் முடியட்டும், பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லலாம் என்று டாக்டர் நிறுத்திவைத்தார். இப்போது நினைத்தால் அதுவே தப்பு. ஆனால் அன்று எல்லோருடைய மனசும் ஒரே கேள்வியில்தான் இருந்தது: இதற்கு உலை காரணமா, இல்லையா?

தூரமும் காரீயமுமாக அறுபது ஜோடி எண்கள். அவற்றை இபு பலுப்பியிடம் கொடுத்தோம். உலைதான் காரணம் என்றால், அருகில் இருக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகவும் தள்ளிப்போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் ஒட்டுறவுக் கெழு மைனஸ் ஒன்றை நெருங்கி வரும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டாவது வரும் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தேன்.

பலுப்பி தன் மடிக்கணினியில் எண்களை அடித்தார். தேநீர் வருவதற்குள் விடை வந்துவிட்டது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.

"இன்னொரு தரம் பாருங்க இபு" என்றேன்.

"எத்தன தரம் பாத்தாலும் அதேதான் வரும். கம்ப்யூட்டருக்கு ஹாஜி தர்மூடிய புடிக்குமா, புடிக்காதா?"

மறுபடியும் பார்த்தார். அதேதான் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் ஜன்னல் வழியே உலைப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ராண்டுசாரிப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜி தர்மூடி பின்னால், சுவரோரம், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். பலுப்பி ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"ரெண்டு விஷயம் சேந்து ஏறுனா எண்ணு ஒண்ணுக்குப் பக்கத்துல வரும். ஒண்ணு ஏற ஏற மத்தது இறங்குனா மைனஸ் ஒண்ணுக்குப் பக்கத்துல வரும். ரெண்டுக்கும் ஒட்டே இல்லன்னா பூஜ்யம். நம்ம பிள்ளைங்க கணக்குல வந்தது பூஜ்யம். காரீயம் இருக்கு, இல்லேங்கல. ஆனா அதுக்கும் உலை எவ்வளவு தூரத்துல இருக்குங்கறதுக்கும் சம்பந்தமில்ல. வேற எதாவது காரணமா இருக்கும். பாத்திரம், பெயிண்ட்டு, எதுவா வேணா இருக்கலாம்."

"தினம் நான் மூச்சு விடறது புகைலதானே? அது சம்பந்தமில்லியா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கத்தினாள்.

"எண்ணு பொய் சொல்லாதும்மா" என்றார் பலுப்பி.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஹாஜி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது முதலில் கை தட்டியது மெனிக். அவளைப் பார்த்து இன்னும் சிலர் தட்டினார்கள். கத்திய பெண் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை, அன்று அந்த வகுப்பில் இருந்து பிறகு எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

பலுப்பி ஒட்டுறவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புத்தகத்தில் உள்ள உதாரணங்கள் சலித்துவிட்டன என்று, நம் ஊர்க் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன் என்றார். கரும்பலகையில் கிடைக்கோட்டில் தூரம், செங்குத்துக் கோட்டில் காரீயம். "ஒவ்வொருத்தியா வாங்க. நான் படிக்கிறேன், நீங்க புள்ளி வைங்க. கடைசில பாருங்க, கொசுக்கூட்டம் கலைஞ்ச மாதிரி இருக்கும். பூஜ்யம்னா அதான்."

முதல் சில புள்ளிகள் இடது பக்கம் உயரத்தில் விழுந்தன. நடுத் தூரத்துப் பிள்ளைகள் வந்தபோது புள்ளிகள் கீழே இறங்கி, அடிக்கோட்டை ஒட்டி வரிசை கட்டின. பிறகு தூரத்துப் பிள்ளைகள். புள்ளிகள் வலது பக்கம் மறுபடியும் ஏற ஆரம்பித்தன. ஏறின, இன்னும் ஏறின, இடது பக்கத்து உயரத்துக்கே வந்துவிட்டன.

பின் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "இபு, கொசுக்கூட்டமா இது? சிரிக்கிற வாய் மாதிரில இருக்கு!"

வகுப்பே சிரித்தது. இன்னொருத்தி ஓடிவந்து அதற்கு மேலே இரண்டு கண்ணும் வரைந்துவிட்டாள். வழக்கமாக இதற்கெல்லாம் முதலில் சிரிப்பது பலுப்பிதான். அன்று சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடி ஓரடி பின்னால் வந்தார், இன்னும் ஓரடி. மேஜை இடித்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். பலகையில் வரைந்த கண்களை அழித்துவிட்டு யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். தலைக்கவசம் இல்லை, கையெல்லாம் சாக்கட்டிப் பொடி.

"ரோ, வலது பக்கம் யாரு?"

"என்ன இபு? எந்த வலது பக்கம்?"

"மூணு கிலோமீட்டர்ல இருக்கற பிள்ளைங்க. இருபத்தஞ்சு, இருபத்தொம்பதுன்னு இருக்கே, அதெல்லாம் எந்த ஊரு?"

பீரோவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் நான் போனது ஒரே ஊருக்குத்தான். "சிதமுல்யா இபு. ஆத்துக்கு அந்தப் பக்கம். நம்ம மெனிக் ஊரு."

அவர் என் மேஜைக் கண்ணாடி மேலேயே சாக்கட்டியால் எழுத ஆரம்பித்தார். "தூரத்தோட சராசரி ஒண்ணரை கிலோமீட்டர். காரீயத்தோட சராசரி பதினேழு. உலைப் பக்கத்துல ஒரு பிள்ளைய எடுத்துக்கோ. தூரம் கால் கிலோமீட்டருக்கும் கம்மி, புள்ளி ரெண்டு. காரீயம் முப்பத்தொண்ணு. சராசரிலேருந்து தூரம் ஒண்ணு புள்ளி மூணு குறைவு, காரீயம் பதினாலு அதிகம். பெருக்கு."

"மைனஸ் பதினெட்டு புள்ளி ரெண்டு."

"இப்ப சிதமுல்யால ஒரு பிள்ள. தூரம் மூணு, காரீயம் இருபத்தொம்பது. தூரம் ஒண்ணரை அதிகம், காரீயம் பன்னெண்டு அதிகம். பெருக்கு."

"ப்ளஸ் பதினெட்டு."

"கூட்டு."

நான் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியமில்லை. விஷம் ஏறிய இரண்டு பிள்ளைகளும் கணக்கில் ஒருவரை ஒருவர் கழித்துக்கொண்டு காணாமல் போனார்கள்.

"நேர்கோட்டுல போகுதா, போகலியான்னுதான் அந்த எண்ணுக்குத் தெரியும் ரோ. வளைஞ்சு போனா அதுக்குக் கண்ணு தெரியாது. மொதல்ல படத்தப் போடு, அப்புறம் கணக்கப் போடுன்னு ஒவ்வொரு வருஷமும் வாய் கிழியச் சொல்றேன். நான் போடல. தேத்தண்ணி வர்றதுக்குள்ள சொல்லிட்டேன். மைக்கப் புடிச்சு சொல்லிட்டேன்."

 சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு, பீரோவிலிருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து சிதமுல்யாப் பிள்ளைகளின் எண்களைப் பார்த்தேன். இருவரும் என் வண்டியிலேயே கிளம்பினோம்.

மழைக்காலம். வழியெல்லாம் முழங்கால் சேறு. நடுவில் இருக்கும் குடியிருப்புகளில் பிள்ளைகள் சேற்றில் உருண்டுகொண்டிருந்தார்கள். காரீயம் குறைவாக இருந்த பிள்ளைகள். பாலத்தைத் தாண்டி மெனிக்கின் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் என் செருப்பின் கீழே நறுநறுவென்று சத்தம் கேட்டது. தரை காய்ந்து கிடந்தது. கருகருவென்று, கண்ணாடி போல இடையிடையே மினுங்கும் சின்னச் சின்னக் கற்கள், முற்றம் முழுக்க, தெருவில் பத்து வீடு தாண்டியும்.

அதன் மேலே பிள்ளைகள் வெறுங்காலோடு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் அந்தக் கல்லால் சுவரில் மீன் வரைந்துகொண்டிருந்தான். லரஸ் ஊஞ்சலுக்கு அடியில் உட்கார்ந்து ஒட்டரிசிப் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். விரல்கள் கறுப்பு. ஒவ்வொரு விரலாக நக்கினாள்.

"யாயு!" மெனிக் ஓடிவந்தாள். அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "என்ன இந்த நேரத்துல? வகுப்ப கட் அடிச்சிட்டு வந்துட்டியா? பிரின்சிபால்கிட்ட போட்டுக் குடுக்கட்டுமா?"

"இந்தக் கல்லு ஏது?"

"நல்லாருக்குல்ல? ஊரே சேத்துல முங்குது, என் பிள்ளைங்க மட்டும் ராஜாவாட்டம் விளையாடுதுங்க. பாக் ஹாஜி குடுத்தது. உலைல மிஞ்சுற கசடாம். சும்மா மலையாக் குவிஞ்சு கெடக்குது, எடுத்துக்கோன்னாரு. நாந்தான் போய்க் கேட்டேன். லாரிக் கூலிகூட அவரே..."

பலுப்பி அங்கேயே, அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். எழுந்தவர் நேரே போய் லரஸைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார். கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். குழந்தை வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தபின்னும் விடவில்லை.

மெனிக் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ம்பாக் ரோ, என்ன ஆச்சு?"

நான் பலுப்பியைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார். "புகைல இருக்கறத விட இந்தக் கல்லுல காரீயம் அதிகமா இருக்கும் மெனிக். பிள்ளைங்க இதத்தான் திங்குதுங்க."

"நீதானே சம்பந்தமில்லன்னு சொன்ன? நான் கை தட்டினேனே?"

"சொன்னேன்."

"அப்ப இது?"

"நான் சொன்னது தப்பு."

மெனிக் அக்காவை வெறித்துப் பார்த்தாள். கல்லில் விஷம் என்று கேட்டதைவிட அதுதான் அவளை உலுக்கியது என்று எனக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்காத சொல். "யாயு தப்பா சொல்லுமா?" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "லரஸுக்கு எவ்வளவு?"

சொல்லக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. "முப்பத்திநாலு" என்றேன்.

அவள் அழவில்லை. முற்றத்தில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி வகுப்பறைக்குள் கொண்டுபோய் விட்டாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து முட்டிபோட்டு வெறுங்கையால் அந்தக் கல்லை வாரி வாரி வெளியே எறிய ஆரம்பித்தாள். நகம் கிழிந்து ரத்தம் வந்தது. நானும் பலுப்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அக்கா தொட்ட கையை உதறினாள்.

"என்னைத் தொடாத. நான் கேட்டு வாங்குனேன். ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் நான் கேட்டு வாங்கிக் குடுத்தேன். நீ அதுக்கு முத்திர குத்துன."

மேலதிகாரிகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பித் திருத்திக்கொள்ளலாம், ஊருக்கு மெதுவாகச் சொல்லலாம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். "மைக்குல சொன்னத மைக்குலதான் திருப்பி வாங்கணும்" என்றார் பலுப்பி. அதற்கு முன்னால் என்னை மறுபடியும் எல்லா வீட்டுக்கும் அனுப்பினார். இந்த முறை உலையிலிருந்து இல்லை. உலையோ, கசடு கொட்டிய தரையோ, எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து தூரம். அதைப் படமாகப் போட்டுப் பார்த்தோம். புள்ளிகள் இடது உச்சியிலிருந்து வலது அடி வரை சரிவாக இறங்கின. அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டார். மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று.

மண்டபத்தில் இந்த முறை நிற்க இடமில்லை. பலுப்பி இரண்டு படத்தையும் பெரிய துணியில் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்.

"போன தடவை நான் சொன்னது தப்பு. காரணம் எண்ணு இல்ல, நான். ஆகஸ்ட் மாசம் சுதந்திர நாளுக்குக் கயிறு இழுக்கறீங்கல்ல? ரெண்டு பக்கமும் சரிசமமா ஆளு இழுத்தா கயிறு நடுவுல நிக்கும். நான் கயித்த மட்டும் பாத்துட்டு யாருமே இழுக்கலன்னு சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைங்க இருந்தாங்க."

 கூட்டத்தில் ஒரே கூச்சல். அன்று கத்திய அதே பெண் முன்னால் வந்து, "நான் கத்துனப்ப என்ன சொன்னீங்க? எண்ணு பொய் சொல்லாதுன்னீங்க!" என்றாள்.

"ஆமா. நீங்க சொன்னதுதான் சரி."

ஹாஜி தர்மூடி எழுந்தார். "அன்னிக்கு பூஜ்யம்னீங்க. இன்னிக்கு எட்டுங்கறீங்க. அடுத்த வாரம் எத்தனைங்க இபு? இந்த எண்ண எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேணாம் பாக் ஹாஜி. அந்தப் படத்த உங்க கண்ணால பாருங்க. அதுவும் பத்தாது. ரெண்டு விஷயம் சேந்து போறதால மட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு ஆகிடாது. அதான் உங்க கல்ல ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கோம். அது வரட்டும்."

"நான் தர்மமாக் குடுத்தேன். காசு வாங்கல. சேத்துல வழுக்குதுன்னாங்க, குடுத்தேன். அதுல விஷம் இருந்தா நானே என் வீட்டு வாசல்ல..." அவர் பாதியில் நிறுத்தினார். பின்னாலிருந்து அவருடைய உலையாள் ஒருவன் தணிந்த குரலில் சொன்னான்: "உங்க வாசல்லதான் பாக் மொதல்ல கொட்டுனோம். உங்க பேத்திக்கு நடை பழக."

ஹாஜி அவனைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. தொப்பி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. யாரோ ஒரு நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினார்கள். கசடில் விஷம் இருப்பது அவருக்குத் தெரியாது என்பதை அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் நம்பினேன். தெரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை என்பது வேறு விஷயம்.

கல்லைச் சோதித்த முடிவு வந்தது. பலுப்பி பயந்ததைவிட மோசமாக இருந்தது. அரசாங்கம் உலையைப் பூட்டியது. ராண்டுசாரியில் அடுப்பெரியாத வீடுகள் அதிகமாயின. அந்தக் கோபமும் பலுப்பியின் மேலேயே விழுந்தது. சந்தையில் ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே, "பிள்ளை ரத்தம் சுத்தமாயிடும் இபு, வயித்துக்கு?" என்று கேட்டாள்.  மறுநாளிலிருந்து அவர், வேலை போன ஆண்களில் சிலருக்கு முற்றங்களைத் தோண்டும் வேலையையாவது கொடுங்கள் என்று அலுவலகம் அலுவலகமாக நடந்தார். கையுறையும் முகமூடியும் இல்லாமல் ஒருத்தனையும் இறங்கவிடக்கூடாது என்று அங்கேயே நின்று சண்டை போட்டார்.

தோண்டிய கசடு லாரியில் ஏறிப் போனது. பாதுகாப்பாகப் புதைக்கக் கொண்டுபோகிறார்கள் என்று நாங்கள் நம்பினோம். புதைக்கும் இடத்துக்கே ஒருநாள் போய்ப் பார்த்த பலுப்பி, குழி காலியாக இருக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் புரியவே இல்லை. "காலின்னா?" "காலின்னா காலி ரோ! ஒரு கல்லு கூட இல்ல!" லாரி ஒப்பந்தக்காரர் அதைக் கடலோரத்தில் இறால் பண்ணை வைப்பவர்களுக்குக் கரை கட்ட விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கரை கறுப்பாக எழும்பியிருந்தது. பண்ணைக்காரரின் மருமகள் அதன் மேலே கருவாடு காயப்போட்டிருந்தாள். அந்தக் கருவாட்டை வாரி எறியப் போன பலுப்பியை அவள் திருடி என்று நினைத்து விரட்டினாள். விளக்கிச் சொல்லி, அவள் நம்பி, கரையை இடித்து முடிப்பதற்குள் எங்கள் இருவருக்கும் தொண்டை போய்விட்டது.

மெனிக் நெடுநாள் அக்காவோடு பேசவில்லை. நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக் கைகளைத் தொட்டுக்கொள்ளும்போதும் அவள் வரவில்லை. பலுப்பி சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். லரஸின் ரத்தத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்தான் எடுப்பேன். முப்பத்திநாலு இருபத்திரண்டாகி, பதினாலாகி, ஒன்பதானது. ஒவ்வொரு எண்ணையும் மெனிக்கிடம் சொன்ன பிறகு, பலுப்பிக்கும் சொல்லட்டுமா என்று கேட்பேன். அவள் வேண்டாம் என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

லரஸ் மெதுவாகத்தான் படித்தாள். நான்காம் வகுப்பில்தான் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கூட்டல் கணக்கில் உட்கார்ந்தால் அழுதாள். ஒரு நாள் மாலை மெனிக் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பலுப்பி வீட்டு வாசலில் நின்றதாகவும், உள்ளே வராமலே கேட்டதாகவும் பலுப்பி என்னிடம் சொன்னார்.

"யாயு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இவளுக்குப் படிப்பு ஏறாதது அதனாலயா?"

ஆம் என்று சொன்னால் அவள் தன்னைத்தானே தின்றுவிடுவாள். இல்லை என்று சொன்னால் பழையபடி அக்காவை நம்பிவிடுவாள். பலுப்பி அப்படித்தான் யோசித்தாராம்.

"தெரியாது மெனிக். ஆயிரம் பிள்ளைங்கள வச்சுப் பாத்தா, காரீயம் ஏறுனா படிப்பு இறங்குதுன்னு சொல்லலாம். இந்த ஒரு பிள்ளைய வச்சு யாராலயும் சொல்ல முடியாது. நம்ம அப்பாவும் எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சாரு."

 மெனிக் லரஸின் பையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள். "தெனம் பள்ளி விட்டதும் அனுப்பறேன். திட்டாத அவள."

பலுப்பி ஓய்வு பெற்று இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. லரஸ் நகரத்தில் தையல் கற்கிறாள். கணக்கு அவளுக்கு வரவே இல்லை. ஒரு ரவிக்கைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பதைக்கூட உடம்பின் மேல் போட்டுப் பார்த்துத்தான் வெட்டுகிறாள். அடுத்த மாதம் என் மகளின் கல்யாணத்துக்கு அவள்தான் தைக்கிறாள். அளவெடுக்க நேற்று பலுப்பியும் மெனிக்கும் அவளோடு வந்திருந்தார்கள்.